நீ தாண்டிப் போன செம்பனை மரம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை கெப்பாலா பத்தாஸில் ஒரு கிளினிக்கில், முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் முன்னால் நான் கால்சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். அங்கே இருந்த திரைச்சீலை பாதிதான் மூடும். மீதிப் பாதிக்கு அந்தப் பக்கம் இருமல் மருந்துக்கு வந்த ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கெரெங்கா எறும்பு உள்ளே போயிருந்தது. எங்கெங்கே கடித்திருந்தது என்று எழுதினால் உன் அம்மா இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாள். அந்த நர்ஸ் நல்ல பெண். சிரிப்பை வாய்க்குள் மடித்து வைத்துக்கொண்டு, "பாக்சிக், ஜாங்கான் மாலு," அதாவது மாமா, வெட்கப்படாதீங்க என்றாள். அவள் சொல்லும்வரை எனக்கு வெட்கமாக இல்லை. சொன்ன பிறகுதான், போட்டிருந்த உள்ளாடை உன் அம்மா போன தீபாவளிக்கே தூக்கிப்போடச் சொன்னது என்று நினைவு வந்தது. இதை வீட்டில் நடித்துக் காட்டியபோது நீ சோபாவில் புரண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆளைச் சிரிக்க வைக்கும் வேலை ஒன்றுதான் எனக்குச் சம்பளம் இல்லாமலே நன்றாக வரும். ஆனால் சிரித்து முடித்து, கையைக் கழுவப் போனபோது எனக்கு வாய் குமட்டியது. இன்றுவரை அது போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். கடைசியாக நான் உட்கார்ந்து எழுதிய நீளமான சமாச்சாரம், தொழிற்சாலை வாசலில் காவலாளிக் கூண்டை பஸ்ஸால் இடித்ததற்குக் கொடுத்த மன்னிப்புக் கடிதம். அதையும் உன் அம்மாதான் திருத்திக் கொடுத்தாள். உன்னிடம் நேரில் பேசலாம்தான். பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நான் ஒரு ஜோக் அடிப்பேன், நீ சிரிப்பாய், அதோடு முடிந்துவிடும். நம் வீட்டில் பெரிய விஷயம் எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ எல்லை தாண்டிப் போட்டிக்குப் போகிறாய். "அப்பா, வண்டி நீங்கதான் ஓட்டணும், வேற யாரும் எனக்குச் சரிப்பட மாட்டாங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் "பாப்போம் லா" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் பாத்ரூமுக்குள் போய்விடுகிறேன். இந்த வாரம் நான் பாத்ரூமில் இருந்த நேரத்தைப் பார்த்து உன் அம்மா எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டிவிட்டாள்.

மலையிலிருந்து குதித்து நீ பறக்கிற அந்த ஹேங் கிளைடரால் எனக்கு அருவருப்பு வருவது புதிது இல்லை. அதை நான் ரசித்துக்கொண்டேதான் திட்டியிருக்கிறேன். மடித்துக் கட்டினால் ஒரு பிணத்தை இரண்டு தடவை நீட்டி வைத்த மாதிரி இருக்கும் அந்தப் பொட்டலம் லிப்டுக்குள் போகாது என்று, ஐந்து மாடிப் படியில் நான் முன்னால், நீ பின்னால் தூக்கி வந்தோம். நடைபாதையில் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதன்மேல் தன் மெத்தை உறைகளைக் காயப்போட்டாள், புறா அதன்மேல் தன் வேலையைப் பார்த்தது. நீ வயிற்றுப்புறமாக நுழைந்து தொங்குகிறாயே அந்த ஹார்னஸ், அது வெயிலில் ஊறி வந்தால் மீன் பாசார் மூடிய பிறகு வருகிற வாடை. ஒரு தடவை கோழிப்பண்ணைக் கழிவுக் குட்டையில் இறங்கிவிட்டு நீ சிரித்துக்கொண்டே நடந்து வந்தாய். சோப்புப் போட்டால் துணி கெட்டுவிடும் என்று சொன்னாய் என்பதற்காக, அந்த முழு இறக்கையையும் வெறும் தண்ணீரும் பஞ்சும் வைத்துக் கார் பார்க்கில் நான் துடைத்தேன். நகக்கண்ணில் இருந்த நாற்றம் போக ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க ஸ்பூனில் சாப்பிட்டேன். அப்போதும் உன்மேல் எனக்கு ஒரு கசப்பும் இல்லை. என் மகன் பறக்கிறான் என்று காப்பிக்கடையில் கேட்காதவனிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் காலத்தில் பொட்டலத்தின் நடுவில் தோள் கொடுத்தவன் லியோங். பட்டர்வொர்த்தில் ஆணியும் பெயிண்டும் விற்கிறவன். உன்னோடு ஒரே வருஷம் பறக்க ஆரம்பித்தவன். உனக்குச் சொந்தமாக ஹார்னஸ் இல்லாத முதல் வருஷம், அவன் இறங்கி வரும்வரை காத்திருந்து அவனுடையதை வாங்கி மாட்டிக்கொள்வாய். அவன் உருவத்துக்கு வாங்கியது என்பதால் நீ அதற்குள் தூளியில் கிடக்கிற குழந்தை மாதிரி இருப்பாய். உன் சிவப்பு இறக்கையின் இடது பக்கம் கிழிந்தபோது, கடையை மூடிவிட்டு வந்து அந்த மஞ்சள் ஒட்டை வைத்துத் தைத்ததும் அவன்தான். "அங்கிள், இது லேடீஸ் டெய்லர் வேல லா, என் பொண்டாட்டிகிட்ட சொல்லிறாத" என்று என்னிடம் சொன்னான். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததையே எழுதுகிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அது உனக்கு மறந்துபோயிருந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமையை நான் கீழே இருந்து பார்த்தபடி சொல்கிறேன். நீ மேலே இருந்து பார்த்தாய். ஒரே விஷயம்தான், ஆனால் மேலே இருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும் போலிருக்கிறது. மலையில் உன்னையும் அவனையும் கிளப்பிவிட்டு, வழக்கம்போல நான் வேனை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் ரோட்டில் வந்தேன். நீங்கள் எங்கே விழுந்தாலும் தேடிப்போய்ப் பொறுக்கி வருகிறவன் நான். கண் பாதி ரோட்டில், பாதி வானத்தில். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே லியோங்குடைய வெள்ளை இறக்கை தாழ்ந்துகொண்டே போனது. தோட்டத்தைத் தாண்டினால் வயல் இருக்கிறது, அதை எட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். எட்டவில்லை. மரங்களுக்குள் போய்விட்டான். போனவன் வரவில்லை. உன் சிவப்பு இறக்கை அந்த இடத்துக்கு மேலே தாழ்வாக வந்து ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. எனக்கு உயிர் வந்தது. இவன் பார்த்துவிட்டான், இனி பயம் இல்லை என்று வேனை ஓரங்கட்டி வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"தம்பி, லியோங் என்ன ஆனான்? பாத்தியா?"

"பாத்தேன்பா. மரத்துல மாட்டிக்கிட்டாரு. ஒண்ணும் ஆயிருக்காது."

"பேசுனானா? கைய கிய்ய ஆட்டுனானா?"

"தெரியலப்பா. எனக்கு இங்க செம காத்து கெடச்சிருக்கு, மேல தூக்குது, விட்டா போயிரும். யாராச்சும் வருவாங்க. நீங்க நேரா வாங்க."

யாராச்சும் வருவாங்க. தம்பி, அந்தத் தோட்டத்தைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு நாய்கூட இல்லை. அந்த யாராச்சும் நான்தான்.

வேனைச் செம்மண் பாதையில் விட்டு, அது சகதியில் நின்ற இடத்தில் விட்டுவிட்டு ஓடினேன். என் ஓட்டம் உனக்குத் தெரியும், வாத்து பயந்த மாதிரி. அவன் சத்தத்தை வைத்துத்தான் மரத்தைக் கண்டுபிடித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது நீ இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தாய். மட்டைகளுக்கு நடுவில், சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டு, முன்னைவிடச் சின்னதாக. இறக்கை இரண்டாக மடங்கி மரத்தலையில் குத்தி நின்றது. லியோங் ஹார்னஸோடு பக்கவாட்டில் தொங்கினான். ஒரு கை தப்பான பக்கம் பார்த்தது. மட்டை முள் தொடையில் ஏறியிருந்தது. வார் அவன் கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தது. "அங்கிள், மேல ஏறாத லா, நீயும் விழுந்தா ரெண்டு பேரத் தூக்கணும்" என்றான் அந்த நிலைமையில். அவன் பூட்ஸ் இரண்டையும் என் தோளில் வைத்து எடையை வாங்கிக்கொண்டேன். கழுத்துக்கு மூச்சு வந்தது. அப்படியே நின்றேன். அவன் வலியில் வாந்தி எடுத்தான், அது என் தலையில் விழுந்தது. கெரெங்கா அவன் காலிலிருந்து இறங்கி என் சட்டைக்குள், அங்கிருந்து கால்சட்டைக்குள் போனது. இரண்டு கையும் அவன் காலைப் பிடித்திருந்ததால் தட்டிவிட வழியில்லை. நான் போட்ட கூச்சலுக்குத்தான் தோட்டத்து வீட்டிலிருந்து இரண்டு இந்தோனேசிய ஆட்கள் ஏணியோடும், பழம் வெட்டுகிற நீளக் கம்பு அரிவாளோடும் ஓடிவந்தார்கள். அவர்கள் முதலில் என்னைப் பார்த்துத்தான் பயந்தார்கள். தலை நிறைய வாந்தியோடு நின்ற இடத்திலேயே நெளிந்து ஆடிக்கொண்டிருக்கிற கிழவன். மட்டையை வெட்டி, அவனை இறக்கி, சகதியிலிருந்து தள்ளி எடுத்த என் வேனில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கே கட்டுப் போட்டு, ஆம்புலன்ஸ் வரவழைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி அங்கே நேராக வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் என் கால்சட்டைக் கதை.

உன்னைத் தேடி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. நெல் அறுத்த வயலில் இறக்கையை அழகாக மடித்துக் கட்டிவைத்து, வரப்பில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்மேல் ஒரு தூசி இல்லை. பக்கத்தில் வந்தால் வெயிலுக்குப் பூசுகிற கிரீம் வாசனை. என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா இவ்ளோ லேட்டு?" இரண்டாவது, "எவ்ளோ தூரம் வந்துட்டேன் பாத்தீங்களா? இதுவரைக்கும் இவ்ளோ தூரம் வந்ததே இல்ல." மூன்றாவதாகத்தான், "லியோங் ஓகேதானே?" என்று கேட்டாய். கேட்டாய், இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாவதாகக் கேட்டாய்.

வண்டியில் வரும்போது நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் ஆட்டத்தின் விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். போட்டியில் பறக்கிற ஒருவன் அடிபட்டு விழுந்ததைப் பார்த்தால், பார்த்தவன் போட்டியை விட்டுவிட்டு அவனுக்கு உதவ வேண்டும், அப்படி நின்றவனுக்கு நஷ்டம் வராமல் பாயிண்ட் போட்டுக் கொடுப்பார்கள் என்று. முதல்முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. என்ன அருமையான ஆட்டம் என்று நினைத்தேன். அதை நான் சொன்னதும் நீ கோபப்படக்கூட இல்லை. குழந்தைக்குப் புரியவைக்கிற மாதிரி சொன்னாய்.

"அப்பா, அது போட்டிக்குத்தான்பா. போட்டியா இருந்தா நான் கண்டிப்பா நின்னிருப்பேன். அங்க பாயிண்ட் குடுப்பாங்க. இது வெறும் டிரைனிங். நின்னா எனக்கு நாள் வேஸ்ட் லா."

வாந்தி என் தலையில் விழுந்தபோது எனக்கு அருவருப்பு வரவில்லை. அவன் தொடையில் கை வைத்து ரத்தத்தை அழுத்திப் பிடித்தபோது வரவில்லை. கோழிக்கழிவில் வராத அருவருப்பு, சுத்தமான சட்டையோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீ இதைச் சொன்னபோது வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். "ஏன்பா, ஏர்கோன் இருக்குல்ல" என்றாய். என் உடம்பு நாறுகிறது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா கேசரி கிண்டி வைத்திருக்கிறாள், உன் புதுத் தூரத்துக்காக. பறக்கிற ஆட்களின் வாட்ஸ்அப்பில் உனக்குக் கட்டைவிரலும் நெருப்பும் கோப்பையும் வந்துகொண்டே இருந்தன. நீ ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாய். அதே குரூப்பில் நடுவில் லியோங்குடைய மனைவி போட்டிருந்த படம் ஒன்று, கழுத்துப் பட்டையோடு அவன் படுத்திருக்கிறது. நீ அதைத் தள்ளிவிட்டு அடுத்த கோப்பையைக் காட்டினாய். வேண்டும் என்று செய்யவில்லை. விரல் பழக்கத்தில் தள்ளியது. அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, பல் வலி என்று சொல்லி, டிஷ்யூவில் துப்பினேன். உன் அம்மா போடுகிற கேசரியை நான் துப்பினேன் என்றால் என் நிலைமை உனக்குப் புரியவேண்டும்.

சரி, இவர் பெரிய உத்தமரா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். அதனால் பினாங்குப் பாலத்துக் கதையை இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பாகான் டாலாமிலிருந்து பாயான் லெப்பாஸுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டிய காலம். மழையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துகிடந்த ஒருவனை, அப்பா பாலத்திலேயே பஸ்ஸை நிறுத்தித் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை என்றார், அதுதானே நீ கேட்ட கதை? பள்ளிக்கூடத்து மேடையில் அதைச் சொல்லி ஒரு தண்ணீர்ப் போத்தல் பரிசு வாங்கினாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். நடந்தது இதுதான். அவனை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். லேன் மாற்றிவிட்டேன். பஸ் நிறைய ஆட்கள், கார்டு அடிக்கிற நேரம் நெருங்குகிறது, பின்னால் எத்தனையோ கார் வருகிறது, யாராவது நிற்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நீ சொன்ன அதே வார்த்தை. அப்போது என் பின்னங்கழுத்தில் சுளீர் என்று ஒரு செருப்பு விழுந்தது. எனக்குப் பின் சீட்டில் எப்போதும் உட்காருகிற ஒரு மலாய்க்கார அக்கா, 'யா' என்று பேர். இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் மாறி மாறிப் போய் எப்போதும் தூங்கிக்கொண்டே வருவார். அன்றைக்கு மட்டும் முழித்திருந்தார். "டிரைவர், நிறுத்து. கண்ணு இல்லையா உனக்கு?" என்று மலாயில் கத்திக்கொண்டே இரண்டாவது அடியும் கொடுத்தார். மூன்றாவது அடிக்குப் பயந்துதான் நான் பிரேக் போட்டேன். தூக்கியதுகூட அவர்தான் முதலில். நான் காலைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் நான் பிடித்தது எல்லாம் கால்தான் போலிருக்கிறது.

ஆகவே என் ரத்தம் உசத்தி, உன் ரத்தம் மட்டம் என்று நான் எழுதவில்லை. இரண்டும் ஒரே ரத்தம், அதுதான் எனக்குப் பயம். ஆனால் எனக்குப் பின்னால் ஒரு சீட் இருந்தது, அதில் செருப்போடு ஒருவர் இருந்தார். நீ பறக்கிற அந்தச் சாமானில் பின் சீட் கிடையாது. மேலே நீ எதைச் செய்தாலும், செய்யாமல் போனாலும், கழுத்தில் அடிக்க ஆள் இல்லை. கீழே பார்க்கிறவனுக்கு நீ வட்டம் போடுவது எல்லாம் அழகாகத்தான் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை யா அக்காவின் செருப்பு என்று வைத்துக்கொள். வலித்தால் நல்லது. வலிக்கவில்லை என்றால் இன்னொரு தடவை படி.

நீ ஜெயிக்கவேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. போ, நன்றாகப் பற. ஆனால் பாயிண்ட் கொடுத்தால் மனிதன், கொடுக்காவிட்டால் காற்று என்று ஒருவன் இருந்தால், அவன் எத்தனை தூரம் போய் இறங்கினாலும் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க என்னால் முடியாது. என் வேலை இறங்கினவனைத் தேடிப் போவது. இறங்காதவனை எங்கே போய்த் தேடுவேன்? வெள்ளிக்கிழமை காலையில் நான் வண்டி ஓட்டுகிறேன். ரொட்டியும் சம்பாலும் அம்மா கட்டித் தருவாள். ஆனால் வண்டி எல்லைக்குப் போகும் முன்னால் பட்டர்வொர்த்தில் அந்த ஆணிக்கடை வாசலில் நிற்கும். லியோங் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாடியில்தான் படுத்திருக்கிறான். நான் கீழே வேனில் இருப்பேன். நீ மட்டும் ஏறிப் போ. பழக்கூடை வேண்டாம், படம் எடுக்கவேண்டாம். "பார்த்தேன், போய்விட்டேன்" என்று சொல். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. அவன் சிரித்துக்கொண்டே உன்னை விட்டுவிடப் பார்ப்பான், அந்த மாதிரி ஆள். நீ விடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் வண்டியிலும் சொல்லவில்லை, கேசரி சாப்பிடும்போதும் சொல்லவில்லை, நீ சோபாவில் புரண்டு சிரித்தபோதும் என் கதையிலிருந்து இதை மட்டும் எடுத்துவிட்டுத்தான் சொன்னேன். அவன் சொல்லவே மாட்டான், அதனால் நான் எழுதுகிறேன். அவன் கால் இரண்டும் என் தோளில் இருந்தபோது, நீ எங்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தாய். அவன் தலை மேலே பார்த்தபடி தொங்கியதால் உன்னை என்னைவிட நன்றாகப் பார்க்க முடிந்தது. "அங்கிள், அது உன் மகன்தானே?" என்று கேட்டான். நான் தலையைத் தூக்கினேன். கோழிக்கழிவைத் துடைத்து என் கையாலேயே கழுவிய சிவப்பு இறக்கை. இடது பக்கம் அவன் தைத்த மஞ்சள் ஒட்டு, வெயில் பட்டுத் துல்லியமாகத் தெரிந்தது. "இல்ல," என்றேன். "அது வேற யாரோ. என் மகன் எப்பவோ முன்னால போயிட்டான்." அவன் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நீ இறக்கையை நேராக்கிக்கொண்டு வடக்கே போய் மறைந்தாய்.

"ஆமா அங்கிள்," என்றான், "ரொம்ப உயரத்துல இருக்கு. யாருன்னு தெரியல."